ஒருவர் இல்லையென்றால் அடுத்தவரைத் தேடு

என் அக்கா ஜசிந்தாதான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள எங்கள் நாரந்தனையில் கொம்பியூட்டர் புறோகிராம் எழுதப் படித்த முதல் ஆள். இதைப் பெருமைக்காகத்தான் முதலில் சொல்கிறேன்.

எங்கள் அப்பா வின்சன்ற் கடற்றொழில் செய்தவர். எண்பத்தைந்தில் அக்கா கொழும்புக்குப் படிக்கக் கிளம்பியபோது, "ரைப் அடிக்கப் பழகிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அப்பா விடவில்லை. "அவள் அடிக்கப் போகேல்லை. மெசினுக்குப் புத்தி சொல்லப் போறாள்" என்றார். மெசின் என்ன செய்யும் என்று அவருக்கும் அப்போது தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு தீவுப்பகுதியைக் கடற்படை பிடித்தபோது ஊர் கலைந்தது. அப்பாவும் நானும் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பல இடம் அலைந்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் அக்கா இருந்த அறைக்கு வந்து சேர்ந்தோம். எல்லாருக்கும் அப்படி ஓரிடம் கிடைக்கவில்லை. சிலர் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார்கள். சிலர் வயல்கரைக் கொட்டில்களில் தங்கினார்கள். யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அப்போது அக்கா ஒரு நல்ல கம்பனியில் வேலை பார்த்தாள். அதை விட்டுவிட்டு, பிரிந்த குடும்பங்களைத் தேடித்தரும் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். சம்பளம் பாதியானது.

அவள் அங்கே எழுதிய புறோகிராம் செய்த வேலை இதுதான். தேடப்படுகிறவர்களின் பெயர்கள் ஒரு பக்கம். முகாம்களில் பதிந்தவர்களின் பெயர்கள் மறு பக்கம். ஊர் ஊராக, தேடப்படுகிற பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே மாதிரி ஒலிக்கும் பெயர் முகாம்களில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் தாளில் அடித்துத் தரும். மற்றதை ஆட்கள் விசாரித்து உறுதிசெய்வார்கள். தரவுகளை இப்படி ஒவ்வொரு வரிசையாக எடுத்துத் தரும் சுட்டிக்குக் கேர்சர் என்று பெயர். அது கடைசி வரிசையைத் தாண்டியதும் 'இனி இல்லை' என்று ஒரு குறி காட்டும். குறியைக் கண்டதும் சுற்று நிற்கும்.

தாளில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. தகப்பனைப் பிள்ளை கண்டுபிடித்தது, தங்கச்சியைத் தமையன் கண்டுபிடித்தது எல்லாம் நடந்தது. நிறுவனம் முழுக்க அக்காவைக் கொண்டாடியது.

தொண்ணூற்றுமூன்றில் நிறுவனம் அவளைத் திருகோணமலையிலிருந்து கப்பலில் ஊர்காவற்றுறைக்கு அனுப்பியது. ஊரில் தங்கிவிட்ட கொஞ்சப் பேரைப் பார்த்துப் பதில்களைச் சொல்லவேண்டும். நாரந்தனையில் கோயிலை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டவர்களில் சூசையம்மாவும் ஒருவர். அவருடைய மகன் பிலிப்பு வள்ளத்தில் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"மாமி, இன்னும் ஒண்டும் கிடைக்கேல்லை" என்றாள் அக்கா.

"போன முறை வந்தவையும் இதைத்தான் சொன்னவை" என்றார் சூசையம்மா. "அவன் உயிரோடை இருந்தால் மடத்துவெளிப் பெட்டையோடைதான் இருப்பான். நான் வேண்டாமெண்டு சொன்னனான். சைவப் பெட்டை எண்டு சண்டை பிடிச்சனான். அந்தக் கோவத்திலை போனவன்."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். முகாம் பதிவுகளில் பாதியை அவளே தன் கையால் ஏற்றியவள். அவற்றில் ஒன்றில் புருசனின் ஊர் நாரந்தனை, மனைவியின் ஊர் மடத்துவெளி என்று இருந்தது. தானும் தீவுக்காரியானபடியால் அந்த ஒரு பதிவு மனதில் நின்றிருந்தது. அது இந்தியாவின் மண்டபம் முகாமிலிருந்து வந்தது. புருசனின் பெயர் பிலிப்பு என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. ஆள் இரு பக்கமும் இருக்கிறான். மெசின் மட்டும் இல்லை என்கிறது.

உறுதியில்லாமல் ஒரு தாயிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நான் திரும்பியும் பாக்கிறன் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

கொழும்புக்கு வந்ததும் மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு பொய் ஊரைக் கொம்பியூட்டரில் உண்டாக்கினாள். நடுவில் இருந்தவருக்கு எந்த முகாமிலும் இல்லாத ஒரு பெயரையும், மற்ற இருவருக்கும் முகாம்களில் உள்ள பெயர்களையும் வைத்தாள். ஓடவிட்டாள். முதல் ஆள் தாளில் வந்தார். மூன்றாம் ஆள் வரவில்லை.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அப்பா என்னவென்று கேட்டார்.

"அப்பா, ஒரு ஆளைத் தெருவிலை விட்டு வீடு வீடாக் கூப்பிடச் சொல்லுறன் எண்டு வையுங்கோ. ஒரு வீட்டிலை ஆளில்லை. அவன் தெருவே முடிஞ்சுதெண்டு நினைச்சுத் திரும்பி வாறான். அங்காலை இருக்கிற வீடுகளை அவன் பாக்கிறதே இல்லை."

"அவன் மடையன். வேறை ஆளை விடு."

"அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

உள்ளே முகாம்களில் தேடும்போது ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அதே 'இனி இல்லை' குறிதான் எழும்பும். வெளிச்சுற்று அதைத் தன் கடைசி வரிசை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்தோனி, மரியா போன்ற பெயர்களுக்கு எப்போதும் யாரோ ஒருவர் கிடைப்பார்கள். அரிதான பெயர் ஒன்று வந்தால்தான் நிற்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வோர் இடத்தில் நின்றதால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அப்பா சோற்றை அவள் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு, "நாளைக்குப் போய்ச் சொல்லு. ஒளிக்காதை" என்றார்.

அடுத்த நாள் அவள் சொல்லி முடித்ததும் பொறுப்பாளர் குலசிங்கம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "உம்மைத் தவிர இது ஆருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது சேர்."

"அப்ப திருத்திப்போட்டு ஓடவிடும். வெளியிலை சொன்னால் எங்களை நம்பாயினம்."

"ஏலாது சேர். இல்லையெண்டு பதில் போன எல்லாருக்கும், நாங்கள் சரியாத் தேடேல்லை, திரும்பத் தேடுறம் எண்டு சொல்லவேணும். சில தாய்மார் திவசமும் குடுத்திருப்பினம்."

குலசிங்கம் நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழை ஆர் விட்டது எண்டு எழுத?" என்று கேட்டார்.

"என்ரை பேரைப் போடுங்கோ."

அக்கா சுற்றைத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு வரிசையையும் எடுத்த உடனேயே, வேறு எதையும் தேடுவதற்கு முன், கேர்சர் காட்டிய குறியைத் தனியாக எடுத்து வைத்தாள். அந்தக் குறியை மட்டும் பார்த்தே சுற்று நிற்கும். வரிசைகள் முடிந்து நிற்பதும் கோளாறு வந்து நிற்பதும் வேறு வேறு என்று பிரித்தாள். முடிவில், ஊரில் இருந்தவர்கள் எத்தனை பேர், பார்த்தது எத்தனை பேர் என்று ஒப்பிடும். பொருந்தாவிட்டால் தாளே வராது. பிறகு ஆளில்லாத பெயரை முதலில், நடுவில், கடைசியில் என்று மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தாள்.

எல்லா ஊர்களையும் மறுபடி ஓடவிட்ட அன்று அச்சு இயந்திரம் மத்தியானம் வரை நிற்கவில்லை. சுருவில், நாரந்தனை, மடத்துவெளி என்று தாள் நீண்டுகொண்டே போனது. தாள் பெட்டி முடிந்து குலசிங்கமே கடைக்கு ஓடினார். மற்றவர்கள் கைதட்டியபோது அக்கா தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. நாரந்தனைக்கு வந்த தாளில் பிலிப்பின் பெயர் இருந்தது.

மண்டபத்தில் விசாரித்து உறுதியானதும், செய்தியைத் தானே கொண்டுபோகக் கேட்டு அடுத்த கப்பலில் ஏறினாள். சூசையம்மா முதலில் அழவில்லையாம்.

"அவளைக் கட்டிப்போட்டானோ?"

"ஓம் மாமி. ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்கு."

"பேரென்ன வைச்சவங்கள்?"

"உங்கடை பேர்தான்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். மகனுக்கு என்ன சொல்லவேண்டும் என்று கேட்டதற்கு, "அந்த மடத்துவெளிப் பெட்டையை நல்லாப் பாக்கச் சொல்லு" என்றார்.

பிறகு அந்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து தேடல் எழுதியவர்கள் எல்லாரும் அக்காவிடம்தான் முதலில் காட்டினார்கள். அவள் கேட்கும் முதல் கேள்வி, "நடுவிலை ஒருத்தர் இல்லாட்டி உம்மடை புறோகிராம் என்ன செய்யும்?" என்பதுதான். பதில் சொல்லத் தெரியாதவர்களை அங்கேயே உட்காரவைத்துத் திரும்ப எழுதவிடுவாள்.

கொட்டாஞ்சேனையில் அப்பாவிடம் யாராவது மகள் என்ன வேலை என்று கேட்டால், கதிரையை இழுத்துப் போட்டு, அந்தத் தெருவில் போன மடையனின் கதையை முழுதாகச் சொல்லாமல் அவர்களை விடமாட்டார்.