ராதியின் காவல் முறை

மாதத்துக்கு ஒருநாள் ராதி படைவீரனாக மாறுவான். பஸ்ராவிலிருந்து வரும் பேருந்து அமாரா நிலையத்தில் நின்றதும் கழிப்பறைக்குள் போய், சோப்பு வாடை வீசும் சட்டையைக் கழற்றிவிட்டு ராணுவச் சீருடையை மாட்டிக்கொள்வான். பூட்ஸில் கொஞ்சம் மண்ணை அள்ளித் தேய்ப்பான். தெருவுக்குள் நுழையும்போது டீக்கடைக்காரர் எழுந்து நின்று சலாம் சொல்வார். மீதி இருபத்தொன்பது நாளும் அவன் பஸ்ராவில் கார் கழுவிக்கொண்டிருந்தது அவன் மனைவி ஷதாவையும் ஒரு நண்பனையும் தவிர யாருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாடு அவன் கண்டுபிடித்ததல்ல. மோசூலுக்குத் தெற்கே இருந்த அவனுடைய ராணுவக் காவல்சாவடியில் நாற்பது பேர் இருப்பதாகப் பட்டியல் சொன்னது. நாற்பது பேருக்கும் பாக்தாதிலிருந்து சம்பளம் வந்தது. துப்பாக்கியும் வண்டியும் அமெரிக்கப் பணத்தில் வந்து இறங்கின. சம்பளத்தில் பாதியைக் கேப்டனுக்கு விட்டுக்கொடுத்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். பெயர் மட்டும் இருந்து ஆள் தரையில் தென்படாத இவர்களை விண்வெளி ஆட்கள் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். ராதி சேர்ந்த வருடம் சாவடியில் உண்மையிலேயே நின்றவர்கள் பதினோரு பேர்.

அந்தப் பதினொருவரில் ஒருவன் அகீல். ராதிக்கு மூன்று வீடு தள்ளியிருப்பவன். இருவரும் ஒரே நாளில் ஆள்சேர்ப்பு வரிசையில் நின்றார்கள். அகீலின் அம்மாவுக்கு வாரம் இரண்டுமுறை சிறுநீரகச் சுத்திகரிப்பு. பாதிச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க அவனால் முடியாது.

"நீ போடா, சந்திரனுக்குப் போய்ட்டு வா. எனக்கு மண்ணே போதும்" என்று சிரித்தான். ராதியைப் பற்றி தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கு ஜூனில் சாவடி தீவிரவாதிகள் கையில் விழுந்த செய்தியை ராதி கார் கழுவும் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தான். கையிலிருந்த குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கேப்டன் ஒரு வாரம் முன்பே விடுப்பில் போயிருந்தார். பட்டியலில் ராதியின் பெயருக்கு எதிரே 'தப்பி வந்தவர்' என்று யாரோ எழுதினார்கள். அகீலின் பெயருக்கு எதிரே 'காணவில்லை'.

தப்பி வந்தவனுக்காகத் தெருவில் ஆடு அறுத்தார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அகீலின் அம்மா மட்டும் அழவில்லை. ராதியின் இரண்டு கைகளையும் பிடித்து, சோப்புநீரில் வெடித்துப் போயிருந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்று வருடம் கழித்து, போர் முடிந்ததும், நாட்டை மறுபடி கட்டியெழுப்பப் பணம் வருகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. இறந்த வீரர்களின் குடும்பத்துக்கு ஓய்வூதியம். காணாமல் போனவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அகீலின் மனைவி, ஐந்து வயது மகள் ஹவ்ரா, அம்மாவின் மருந்து எல்லாமே 'காணவில்லை' என்ற அந்த ஒரு சொல்லில் மாட்டியிருந்தன. அவன் செத்ததைக் கண்ணால் பார்த்ததாக, அதே சாவடிப் பட்டியலில் உயிரோடிருக்கும் இருவர் நீதிபதிமுன் சத்தியம் செய்ய வேண்டும்.

அகீலின் அம்மா ராதி வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க பெரியம்மா."

"வேணாம்ப்பா. செவ்வாக்கிழமை கோர்ட்டு. வருவியா?"

"நானா?"

"பட்டியல்ல உன் பேருதான இருக்கு."

அவள் போனதும் ஷதா தட்டைத் தரையில் நங்கென்று வைத்தாள். "போ. போய் அவன் எப்படிச் செத்தான்னு சொல்லு. காருக்கு மெழுகு போடும்போது பாத்தேன்னு சொல்லு."

"வாயை மூடு."

"நான் மூடிட்டுத்தான் இருக்கேன். எத்தனை வருஷமா மூடிட்டு இருக்கேன்!"

உண்மையைச் சொன்னால் அவனுக்குச் சிறை. அகீல் காணாமல் போனவனாகவே இருப்பான். பொய் சொன்னால் ஹவ்ரா சாப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை அவன் சவரம் செய்துகொண்டு போனான்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் இரண்டாவது சாட்சி ஃபாலிஹ் உட்கார்ந்திருந்தான். திவானியாக்காரன், தடித்த ஆள். ராதி அவனை அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏன்டா, தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று ஃபாலிஹ் காதருகே கேட்டான். "ஜட்ஜு கேட்டா ஒண்ணா சொல்லணும்ல."

"நீதான் சொல்லணும். நான் உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"நீ அங்க இல்லையா?"

"நீ?"

"நான் கசாப்புக்கடை வச்சிருந்தேன்டா!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காவலர் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. நாற்பதில் உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் அங்கே போகாதவர்கள்தான் என்பது அப்போதுதான் ராதிக்கு உறைத்தது.

"இடப்பக்கம்னு வச்சுக்குவோம்" என்றான் ஃபாலிஹ், எங்கோ பார்த்துக்கொண்டு.

நீதிபதி தொட்டியைப் பற்றிக் கேட்கவேயில்லை. குர்ஆன்மேல் கை வைத்தார்கள், சொன்னார்கள், முத்திரை விழுந்தது. பத்து நிமிடம்.

திரும்பும்போது டாக்சியில் அம்மா தாளை மடியில் விரித்து வைத்திருந்தாள். ராதி அவள் பக்கம் திரும்பினான்.

"அவன் கஷ்டப்படலை பெரியம்மா. ஒரே குண்டுதான். கடைசியா உங்க பேரைத்தான்..."

வண்டி பாலத்தருகே திரும்பியது. அங்கே ஷியாக்கள் போற்றும் மாவீரர் ஹஸ்ரத் அப்பாஸின் பெரிய கொடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் காட்டினாள்.

"அப்பாஸ் மேல சத்தியமா சொல்லு."

அந்த ஊரில் குர்ஆன்மேல் கைவைத்துப் பொய் சொல்லிவிட்டு, அல்லாஹ் மன்னிப்பான் என்று போகிறவர்கள் உண்டு. அப்பாஸின் பெயரில் துணிந்தவர்கள் இல்லை. அவர் பொறுக்கமாட்டார், அன்றைக்கே கேட்டுவிடுவார். ஓட்டுநர்கூட வானொலியின் சத்தத்தைக் குறைத்தான். ராதி வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை.

"வேணாம், விடு" என்றாள் அம்மா. "எனக்கு அப்பவே தெரியும். அகீல் வாரா வாரம் போன் பண்ணுவான். ஏன்டா குரல் இப்படி இருக்கு, தூங்கலையான்னு கேப்பேன். ராதியோட முறையும் நான்தான் நிக்கறேம்மான்னு சொல்லுவான். கோவமே இருக்காது."

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?"

"வேற யாரு இருக்கா?"

வண்டி வீட்டருகே நின்றது. இறங்கும்போது அவள் சொன்னாள்: "நஜஃப் கபர்ஸ்தான்ல குழி எடுக்கச் சொல்லணும். உள்ள வைக்க அவனோடது ஒண்ணும் இல்ல. எல்லாம் அங்கயே போயிடுச்சு. உன் சீருடையைக் கொண்டு வா."

வியாழக்கிழமை ராதி அதை அலமாரியிலிருந்து எடுத்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது. ஷதா தேய்த்துக்கூட வைத்திருந்தாள். மார்பில் அவன் பெயர்ப்பட்டை. அதைப் பிரிக்க அவள் பிளேடு எடுத்தாள், அவசரத்தில் முடியவில்லை. ராதி அப்படியே கொண்டுபோனான்.

"பேரு இருக்கு பெரியம்மா. பிரிச்சுத் தர்றேன்."

அம்மா சீருடையை வாங்கி, பெயர் மேலே தெரியும்படி இன்னொருமுறை மடித்தாள்.

"இருக்கட்டும். இந்தப் பேருலதான அவன் ராத்திரியெல்லாம் நின்னான்."

பிளாஸ்டிக் பையில் அதை வைத்து முடிச்சுப் போட்டாள். அவனை உட்காரச் சொல்லவில்லை. ராதி வெளியே வந்தான். டீக்கடைக்காரர் வழக்கம்போல் எழுந்து நின்று சலாம் சொன்னார்.