வயர் இல்லாத மிஷின்

இந்த ஊரில் காலையில் என்னோடு முதலில் பேசுவது ஒரு மிஷின்தான். போலந்தில் ஒரு ஷாப்பிங் மாலில், கடைகள் திறப்பதற்கு முன்னால் தரை துடைக்கும் வேலை எனக்கு. இடுப்பு உயரத்துக்கு ஒரு ரோபோ தண்ணீர் விட்டு, தேய்த்து, உறிஞ்சிக்கொண்டே தானாகப் போகும். நான் வழியில் நின்றால் அதுவும் நின்று, "ப்ஷெப்ராஷம்" என்று பெண் குரலில் சொல்லும். மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்கள் என்று அர்த்தம். நம் ஊரில் தரை துடைக்கிறவனிடம் யாராவது இப்படிக் கேட்டதுண்டா? ஈரத்தின் மேலேயே ஷூ காலோடு நடந்து போவார்கள். இங்கே மிஷினுக்கே மரியாதை தெரிந்திருக்கிறது. என்ன, அதற்குப் பிறகு அது பேசாது. மறுபடி குறுக்கே போய் நின்றால்தான் பேசும். சில நாள் வேண்டுமென்றே போய் நிற்கிறேன். சிரிக்காதீர்கள், வெளிநாட்டில் தனியாக இருக்கிறவர்களுக்கு இது புரியும்.

நான் திருப்போரூர்க்காரன். படூர் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். அங்கேயும் தரை தேய்க்கும் மிஷின் உண்டு, ஆனால் கரண்ட்டில் ஓடுவது. பிளக்கிலிருந்து கைப்பிடி வரைக்கும் நீள வயர். ஓட்ட ஒரு ஆள் போதாது. வயர் ஈரத்தில் விழாமல், பிரஷ்ஷில் சிக்காமல், அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வர இன்னொரு ஆள் வேண்டும். நான் ஓட்டுவேன், டில்லி வயர் பிடிப்பான். டில்லிபாபு. திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவன். மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் நாங்கள் வயரிலேயே பேசிக்கொள்வோம். சூப்பர்வைசர் வந்தால் வயரை ஒரு தடவை சுண்டுவான், டீ வந்தால் இரண்டு தடவை. எனக்குக் கைப்பிடியில் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிற தைரியம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

லீவு நாளில் இரண்டு பேரும் மாமல்லபுரம் போவோம். சிலை பார்க்க இல்லை, வெள்ளைக்காரர்களைப் பார்க்க. கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே டில்லி ஒரு நாள் சொன்னான்: "எங்கிருந்தோ வந்து நம்ம ஊர பாத்துகினு கீறானுங்க மச்சான். நாமளும் ஒரு தபா அவனுங்க ஊர பாக்கணும்." அந்தப் பேச்சுதான் எங்களை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. இடம் ஒன்றுதான் இருந்தது, அது எனக்கு விழுந்தது. அங்கே இருக்கிற மேனேஜர் இன்னொரு ஆள் கேட்டால் அடுத்தது டில்லிதான் என்றார்கள். கேட்க வைப்பது என் பொறுப்பு. அவன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். செங்கல்பட்டில் ஸ்வெட்டர் வாங்கி, அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினான். பயலுக்கு முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

இங்கே மேனேஜர் ஒரு பெண்மணி. பானி பெயாத்தா என்று கூப்பிட வேண்டும், பானி என்றால் மேடம். நல்ல மனுஷி. பனிக்காலத்தில் ஜனங்கள் பூட்ஸோடு கொண்டுவரும் சேற்றைத் துடைத்துத் துடைத்து எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வலியைத் தாங்கிக்கொண்டேன். வாய் திறக்காமல் ஒரு நாள் முழுக்க இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதை எப்படி மேனேஜரிடம் சொல்வது? வளர்ந்த ஆம்பளை, தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று போய் நிற்க முடியுமா? அதனால், இவ்வளவு பெரிய தரைக்கு ஒருத்தன் போதவில்லை என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். டில்லியின் பெயரை அடுத்த பேச்சில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பானி பெயாத்தா படித்துவிட்டு என் தோளைப் பார்த்தார், புரிகிறது என்று தலையாட்டினார். அன்றைக்கே டில்லியிடம் பெட்டி கட்டச் சொல்லிவிட்டேன்.

சில வாரத்தில் பெரிய அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது ரோபோ. எனக்காகவே மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கினாராம். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் தமிழில் இருந்தது: "இனி நீங்கள் தனியாக இல்லை." நானும் சிரித்து வைத்தேன். பிறகு தயங்கித் தயங்கி டில்லியைப் பற்றிக் கேட்டபோது அவருக்குப் புரியவேயில்லை. தரைதான் இப்போது முடிந்துவிடுகிறதே என்றார். நியாயம்தான். நடுத்தரை அதன் பங்கு. மூலை, படிக்கட்டு, ஒட்டிக்கிடக்கும் சூயிங்கம், கக்கூஸ் என் பங்கு. தோள்வலி போயே போய்விட்டது. கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

டில்லியிடம் சொல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டினேன். கடைசியில் ஒரு காலை வீடியோவில் கூப்பிட்டு மிஷினைக் காட்டினேன். அது போகிற அழகை வெகுநேரம் பார்த்தான்.

"அதுக்கு வயரு கீதா மச்சான்?"

"இல்லடா, பேட்டரி."

"அப்ப எனுக்கு இன்னாடா வேல அங்க?"

நான் கேமராவை என் பக்கம் திருப்பவில்லை. அவன்தான் சமாளித்தான், ஸ்வெட்டரை நீயே வந்து எடுத்துக்கொண்டு போ என்று சிரித்தான். எனக்கு அப்புறம் மிஷினை அவன்தான் ஓட்டுகிறானாம். வயர் பிடிக்க ஆள் போடவில்லை, அவனே நிறுத்தி நிறுத்தித் திரும்பி வயரை எடுத்துவிட்டுக்கொள்கிறான்.

புது மிஷின் எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் நான் அதன் பின்னாலேயே நடக்க வேண்டியிருக்கிறது. நேற்றுதான் கவனித்தேன், டில்லி மாதிரியே நடக்கிறேன். ஒரு பக்கம் தோளைத் தூக்கி, கையை மடக்கி, விரலை மூடிக்கொண்டு. படூரில் டீ வருகிற நேரம் இருக்கும். கை தானாக இரண்டு தடவை சுண்டியது. மிஷின் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.