வினைச்சொல் வரும்வரை

நீதிமன்ற வராந்தாவில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கூண்டில் சொல்வதை நீதிபதிக்காக ஆங்கிலத்துக்கு மாற்றுவது அவள் வேலை. வக்கீல்கள் அவசரப்படுத்தினால் எரிந்து விழுவாள். அன்று விழுந்ததுபோல் என்றும் விழுந்ததில்லை.

முதியவர் ஒருவரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டதாக, அவரைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்மேல் வழக்கு. பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நடந்தது எதுவும் நினைவில்லை.

"அவர் விழுந்தப்ப நீ என்ன பண்ணின?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

பணிப்பெண் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். "நான் தண்ணி எடுக்கப் போன நேரம் பாத்து, கைத்தடிய விட்டுட்டு படியில கால வச்ச பெரியவர நான்..."

"போதும்." வக்கீலுக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். "அவர் மேல கை வச்சிருக்கா. மாத்திச் சொல்லுங்க."

"இன்னும் வினைச்சொல்லே வரலையே. எதை மாத்துறது?" என்றாள் சிடுமூஞ்சி.

"உங்க மொழி தலைகீழா இருந்தா நான் என்ன பண்றது? முக்கியமானத முதல்ல சொல்றதுதானே."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"தலைகீழ் எல்லாம் இல்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற சொல்லப் பக்கத்துல வைக்கத்தான் எல்லா மொழியும் பாக்குது. உங்களுக்கு வினை நடுவுல, அதனால நீளமானதப் பின்னாடி தள்ளுறீங்க. எங்களுக்கு வினை கடைசியில, நீளமானத முன்னாடியே சொல்லி முடிச்சிடுவோம். அந்தக் கடைசி 'நான்' ஏன் 'பெரியவர'ங்கிற சொல்லுக்கு அப்புறம் வருது? அது சேர வேண்டிய சொல் அடுத்து வரப்போகுது. அதத்தான் நீங்க வெட்டிட்டீங்க."

நீதிபதி மேசையைத் தட்டினார். "இது வகுப்பறை இல்லம்மா. உக்காருங்க."

"அவ முடிக்கட்டும் ஐயா. உக்காந்துடுறேன்."

நீதிபதி அவளை முறைத்தார். பிறகு கூண்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

பணிப்பெண் முதலிலிருந்து தொடங்கினாள். "...கால வச்ச பெரியவர நான் பிடிக்கத்தான் ஓடினேன். கை எட்டல."

சிடுமூஞ்சி ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சாட்சியம் போதவில்லை என்று பணிப்பெண்ணை விடுவித்தார்கள். ஆனால் பேர் கெட்டுப்போனவளை வேறெந்த வீட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. வக்கீல் புகார் கொடுத்ததில் சிடுமூஞ்சியையும் வெகுநாள் நீதிமன்றத்துக்குக் கூப்பிடவில்லை.

"கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்," என்றார் அவள் கணவர்.

"யாரு, நானா? ஒரு சொல் வர்ற வரைக்கும் அந்த ஆளால பொறுக்க முடியல."

கழுவிய பாத்திரத்தை அவள் அலமாரியில் வைத்த சத்தத்தில், அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.