மதகு பார்க்கப் போன சுற்றுலா

புளிச்சோறு ஊறிய வாழையிலையின் வாசம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறி, கேளிக்கைப் பூங்காவுக்கென்றே பேர்போன ஒரு நகரத்துக்கு அப்பா, அம்மா, தம்பி, நான் எல்லோரும் போனோம்; அங்கேயிருந்த தண்ணீர்ச் சறுக்கில் ஏறப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல "கட்டுச்சோறு" எடுத்து வந்திருந்தார்.

வாசலில் பையைத் துழாவிய காவலாளி, "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, அந்தத் தொட்டியில போட்டுட்டு வாங்க" என்றார். நட்டுக் களையெடுத்து அறுத்து அடித்துச் சோற்றைக் கண்ணால் பார்க்கிற வீட்டில் அதைக் குப்பையில் கொட்டுவது நடக்கிற காரியமா? ஓரமாக வைத்துவிட்டுப் போகலாம் என்று அம்மா கெஞ்சியதற்கு நாய் வாய் வைத்துவிடும் என்றார் அப்பா; தின்றுவிட்டுப் போகலாம் என்றால், அப்போதுதான் இட்லி தின்று வயிறு நிரம்பியிருந்தது. "சோத்தக் கொட்டிட்டு நமக்கென்ன வெளையாட்டு? ஊர்ல பாக்க வேற எடமா இல்ல, வாங்க" என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அன்று நான் பார்த்தது ஓர் ஏரி மதகு. அதன் பலகை எப்படி ஏறி இறங்குகிறது என்று அவர் குனிந்து குனிந்து ஆராய்ந்தார், பக்கத்து வயலில் நின்ற முன்பின் தெரியாதவரிடம் "இங்க என்ன ரகம் போடுறீங்க?" என்று ஆரம்பித்து உரம், பூச்சி என்று வெயில் ஏறும்வரை பேசினார், அதற்கும் பிறகு ஒரு நெல் மண்டி. நெல்லைப் பார்க்க அத்தனை தூரம் பஸ் ஏறிப் போன குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். ஊருக்குப் பஸ் பிடிக்கும் நேரம் நெருங்கியபோதுதான் சாப்பிட உட்கார்ந்தோம்; அந்த ஏரிக்கரையிலிருந்து சறுக்கின் உச்சி தெரிந்தது, பிள்ளைகள் கத்துவது கேட்டது. நான் பொட்டலத்தைத் தொடவில்லை. "சோத்து மேல கோவத்தக் காட்டாத" என்றார் அப்பா. என் கோபம் சோற்றின்மேல் இல்லை.

இப்போது பயணத்துக்கு யாரும் சோறு கட்டுவதில்லை. எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் போய்விட்டது. போன கோடையில் தம்பி காரில் எல்லோருமாக அதே பூங்காவுக்குப் போனோம். வாடகை நைலான் டவுசரோடு, பேரனைக் கட்டிக்கொண்டு, அப்பா சறுக்கிலிருந்து சிரித்தபடி வந்து விழுந்தார்; எழுந்து மூச்சு வாங்க மறுபடியும் படியேறப் போனார். எல்லோருடைய செருப்புக்கும் காவலாக நின்ற என்னைக் காட்டி, "அத்தையும் வரட்டும் தாத்தா" என்றான் தம்பி மகன்.

"அவளுக்கு எதுக்குடா?" என்றார் அப்பா. "அவ சின்னப் புள்ளையிலயே இங்க வந்து எல்லாத்தையும் பாத்தவ."