அந்தப் பனியனில் பிழை இல்லை

ஐரோப்பாவில் ஒரு சட்டம் இருந்தது. இலங்கை அரசு மனித உரிமையை மதித்தால்தான் அங்கே தைத்து ஐரோப்பாவுக்குப் போகிற துணிக்கு வரிச்சலுகை. இல்லாவிட்டால் சலுகை போய்விடும். 2009 கடைசியில், போர் முடிந்து தமிழ்ச் சனங்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்த நேரத்தில், சலுகை போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டு எங்கள் முதலாளி ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இரண்டு துண்டு தின்றேன்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் அவருடைய பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வியாபாரிகளோடு ஆங்கிலத்தில் பேசுவதும் மெயில் அனுப்புவதும் என் வேலை. முதலாளிக்கு ஆங்கிலம் வராது, மற்ற எல்லாம் வரும்.

"அங்க போற ஆர்டரெல்லாம் இனி நம்ம பக்கந்தானுங்க தம்பி. எல்லாம் நம்ம சனம் பட்ட பாடுங்க" என்றார், வாய் நிறைய இனிப்போடு. பட்டது யார், தின்பது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. மெயில் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஒரு ஐரோப்பியக் கம்பெனி, இலங்கையில் தைத்த காலர் பனியன் ஒன்றை அனுப்பி, அதேபோல் தைத்துக் காட்டச் சொன்னது. பார்க்க அவர்கள் ஆளே நேரில் வருவதாக இருந்தது. நம் தையல்தான் மேல் என்று காட்ட, அந்தப் பனியனில் என்னென்ன பிழை என்று, தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் அக்காவிடம் எழுதி வாங்கும்படி முதலாளி சொன்னார். அக்கா இலங்கை அகதி, முகாமிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர். அகதியே எழுதிக் கொடுத்தால் வெள்ளைக்காரர்களின் மனம் இளகும் என்று முதலாளி நினைத்தார். மனிதர்களை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதில் அவர் கெட்டிக்காரர்.

அக்கா காலரை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவினார். தொங்கிய அட்டையில் கம்பெனிப் பெயரைப் படித்ததும் கை நின்றுவிட்டது.

"இது என்ட தங்கச்சி தைக்கிற கொம்பனி தம்பி. ஓடர் இஞ்ச வந்தா அவளுக்கு அங்க வேலை இல்லை. அவளின்ட உழைப்பிலதான் அம்மா சாப்பிடுறா."

"உங்க சனத்துக்கான சட்டந்தானுங்க அக்கா" என்றேன். சொன்ன வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கண்டறியாத சட்டம்! அண்ணன் இன்னும் முள்ளுக்கம்பிக்குள்ளதான் கிடக்கிறார். அவரை வெளிய விடுறதுக்கு முதல் இவளை வெளிய விட்டிடுவாங்கள்."

தாளில் 'ஒரு பிழையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளி அதைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மிணி, சோறு இங்கீங்க, விசுவாசம் அங்கீங்களா?"

மரியாதை ஒரு சொட்டுக் குறையாமல் ஆளை மிதிப்பதில் அவரை மிஞ்ச முடியாது. முதலாளி வேறு தாளை என்னிடம் நீட்டினார். காலர் சுருக்கம், நூல் பிசிர், கோணல் பட்டன் என்று ஆறு பிழைகளை நானே எழுதினேன். அடியில் அக்காவின் பெயரையும் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு காரணம் சொல்லிப் பூசி மெழுக மாட்டேன்.

வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். நல்லவள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அந்தப் பிழைகளை எழுதியது ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண் என்று முதலாளி என்னைச் சொல்லவைத்ததும், அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். அக்கா வந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று என் மூலம் கேட்டாள்.

அக்கா அவள் கண்ணைப் பார்த்தே பேசினார். "அந்த உடுப்பில ஒரு பிழையும் இல்லை. ஓடரை அங்கயே விடச் சொல்லுங்கோ தம்பி. தங்கச்சியின்ட வேலையைப் பறிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வெள்ளைக்காரியின் பக்கம் திரும்பினேன். உங்கள் சட்டம் தன் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவை அப்படியே கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது. அத்தனை நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வடிவாச் சொல்லிட்டீங்களோ தம்பி?"

"சொல்லீட்டனுங்க அக்கா" என்றேன்.