முறைவைத்துக் கேட்கும் கம்ப்யூட்டர்

இன்று கைபேசியில் டிக்கெட் போடும்போது சுற்றிய சின்ன வட்டம், ராஸ் அல் கைமாவில் அம்மா வேலைபார்த்த விமான டிக்கெட் ஆபீசின் பச்சை எழுத்துத் திரைக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. கடல் தாண்டியிருந்த பெரிய கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஆபீசாக முறைவைத்துக் கேட்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதெல்லாம் அங்கே செல்லாது, அது கேட்டால்தான் எங்கள் பெட்டி வாய் திறக்கலாம். தங்கை கல்யாணத்துக்குப் போக, மிச்சமிருந்த ஒரே சீட்டுக்காக சிமெண்ட் கம்பெனி முருகேசன் வேர்த்து நின்றார்.

"பொறுங்கோ தம்பி, பெரிய கம்ப்யூட்டர் முறைவைச்சுத்தான் கேக்கும், எங்கட முறை வரட்டும்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரியான என் அம்மா.

"ரேசன் கடை மாதிரியாக்கா?"

சீட் கிடைத்ததும் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். "முறைவச்சுக் கேட்டாரே, அந்தப் பெரியவருக்கு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ன பேர் எழுத?" என்றார்.

"குடும்பத்துடன்னு போடுங்கக்கா. எல்லா ஆபீசுலயும் அவரு புள்ளைகதானே!"