அண்ணைக்கு எது விருப்பம்?

கொடிகாமச் சந்தைக்குப் பின்னால், மாரியில் வெள்ளம் ஏறும் ஒழுங்கையொன்றில் எங்கள் அண்ணை பிறந்தார். எனக்கிருந்த ஒரே சகோதரம். குடியிருந்த நிலத்தைத் தவிர எங்களுக்கு வேறு காணி இல்லை. ஐயா கண்மூடியதும் அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குத்தகைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார். அந்த உழைப்பில்தான் நான் படித்தேன், மானிப்பாயில் வாழ்க்கைப்பட்டேன். பின்னர் குத்தகை கட்டுப்படியாகவில்லை. சந்தையில் கொழும்பு லொறிகளுக்கு மரக்கறி மூட்டை ஏற்றினார். கால் இடங்கொடுத்த வரை அதுதான் தொழில்.

அண்ணையின் இந்த நினைவு மலருக்கென்று சித்தப்பாவின் மகன் எழுதித் தந்த பக்கத்தில், "உணவில் ஆசையற்றவர், எளிமையையே விரும்பியவர்" என்று ஒரு வரி இருந்தது. நல்ல தமிழ்தான். எட்டுச்செலவு நடந்திராவிட்டால் நானும் தலையாட்டியிருப்பேன்.

எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்தவற்றையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழமை. மானிப்பாயிலிருந்து வந்த நான் சேலையைச் செருகிக்கொண்டு குசினிக்குள் நின்று அதிகாரமாய்க் கேட்டேன்.

"அண்ணி, அண்ணைக்கு எது விருப்பம்? சொல்லுங்கோ, சமைப்பம்."

அண்ணி அடுப்புக்குள் விறகைத் தள்ளினார்.

"எனக்குத் தெரியாது மச்சாள். விருப்பம் கேட்டு ஆர் இஞ்சை சமைச்சது? சந்தையிலை மிஞ்சினதைத்தானே சமைச்சனாங்கள்."

கூடப்பிறந்த எனக்காவது தெரியுமா? தெரியவில்லை. குசினியில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது. கடைசியில், பொதுவாக எல்லோருக்கும் பிடிப்பதைச் சமைத்தோம். உறவினர்கள் அப்பிள், முந்திரிகை, மாதுளை என்று பை பையாகக் கொண்டுவந்தார்கள். தலைவாழையிலையில் இடம் போதவில்லை.

"உயிரோடை இருக்கேக்கை இந்த வீட்டுக்கு ஒரு மாதுளம்பழம் வந்ததில்லை. செத்துத்தான் வரவழைச்சிருக்கிறார்" என்றார் அண்ணி.

அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அண்ணைக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருந்தது எல்லோருக்கும் தெரியும். கீரை, பழம், பச்சை மரக்கறி நிறையச் சாப்பிடும்படி கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார்.

"டொக்டர் தின்னச் சொல்லுறதெல்லாம் நான் லொறியிலை ஏத்துற சாமான் தங்கச்சி!"

நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அவர் முதுகில் போன கரட்டும் பீற்றூட்டும் கொழும்பில் யாரோ வீட்டுக் கறியாயின. அவருக்கு விடியற்காலையில் பாணும் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணியும். பொழுதுபட்டால் அடிபட்ட தக்காளியும் முற்றிய வெண்டிக்காயும். அவர்களின் ஒழுங்கைக் கடையில் பாண், பிஸ்கற், சோடா எப்போதும் கிடைக்கும். ஒரு பிடி கீரை கிடைக்காது. காலில் வந்த புண் ஆறாமல் ஆசுபத்திரியில் கிடந்தபோதும் அண்ணை எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எங்களுக்குச் சங்கடமென்று நினைத்திருப்பார். அதற்கு ஆசையற்றவர் என்று பெயர் வைத்து அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை வெட்டிவிட்டேன். எழுதித் தந்த சித்தப்பா மகன் தம்பி கோபிக்க வேண்டாம்.

அன்று படையல் எடுத்த பின்னர் அண்ணி பழங்களையெல்லாம் வந்தவர்களுக்குப் பகிர்ந்துவிட்டுக் குசினி மூலையில் இருந்து பாண் சாப்பிட்டார். அவருக்கும் அதே வருத்தம், அதே கிளினிக்.

"நீங்களும் ஒரு பழம் எடுங்கோவன் அண்ணி."

"வந்த சனம் சாப்பிடட்டும். எனக்கென்ன, கிடக்கிறதைச் சாப்பிடுவன்."

அது அப்படியே அண்ணையின் பேச்சு.

அண்ணையை ஆசுபத்திரிக்குத் தூக்கி ஓடிய சந்தைத் தொழிலாளர்களுக்கும், செத்தவீட்டு நாட்களில் உலைவைத்துத் தந்த ஒழுங்கை அயலவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று முப்பத்தோராம் நாள். இதை நீங்கள் வாசிக்கும்போது பந்தி தொடங்கச் சற்றுத் தாமதமாகியிருக்கும். அண்ணைக்குப் படைத்த பிறகு முதல் இலை அண்ணிக்கு. கீரையும் மரக்கறியும் மாதுளையும் வைத்து, அவர் சாப்பிட்டு எழும்பும் வரை நான் பக்கத்தில் இருப்பேன். வந்தவர்களைக் காக்க வைப்பது எங்கள் வழமையல்ல. பொறுத்திருப்பதற்கு நன்றி.

தங்கை